சட்டத் தன்னார்வலர் அட்டை யாருக்கு? மொரப்பூரிலிருந்து சில கேள்விகள்

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009ஆம் ஆண்டில் தொடங்கிய சட்டத் தன்னார்வலர் திட்டத்தின் விதிகளில், அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. இப்பணியிலிருந்து வரும் வருமானத்தை நம்பியிராதவர்களையே கூடுமானவரை தெரிவு செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஏழைகளுக்கு உதவ வருகிறவர் அதைப் பிழைப்பாக்கிக்கொள்ளக் கூடாது என்று கருதியிருப்பார்கள். ஆனால் அந்த வரியை மொரப்பூர் ஒன்றியத்தின் ஒரு காலனியில் நின்று வாசித்தால் வேறு பொருள் தருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அஞ்சல் வழியில் ஒரு பட்டமும் பெற்று, திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலை தேடிப் போகாமல் ஊரிலேயே தங்கி, காவல் நிலையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மக்களோடு அலைகிற ஒரு தலித் இளைஞரைப் பார்த்து, ‘உனக்குக் கூலி தேவையில்லை என்றால் வா’ என்று அது சொல்கிறது.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழங்கும் அடையாள அட்டைதான் இன்றைக்கு, சட்டப் பட்டம் இல்லாத ஒருவர் சட்ட உதவிப் பணி செய்வதற்கு அரசுத் தரப்பிலிருந்து பரவலாகக் கிடைக்கும் தகுதிச் சான்று. அந்த அட்டை நம் பிள்ளைகளுக்குத் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. அதைப் பெறுவதற்கான நிபந்தனைகள் யாரை உள்ளே அழைக்கின்றன, யாரை வாசலில் நிறுத்துகின்றன என்பதே நம் கேள்வி.

மேலை நாடுகளில் பாராலீகல் என்பவர் பெரும்பாலும் வழக்குரைஞர் அலுவலகத்தின் ஊழியர். அமெரிக்காவில் 1976 முதலே இதற்கென்று ஒரு தேசியச் சங்கம் தேர்வு நடத்திச் சான்று வழங்கிவருகிறது. அந்தச் சான்று சம்பளத்தை உயர்த்தும், பதவியை உயர்த்தும். ஆப்பிரிக்காவில் வரலாறு வேறு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியின்போது, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் தோன்றிய ஆலோசனை மையங்களில் அமர்ந்து, நடமாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் அவதியுற்றோருக்கு வழிகாட்டியவர்களே அங்கே பாராலீகல்கள். நம்முடைய மரபு இந்த இரண்டாவதைச் சேர்ந்தது. சேரியில் நாலு எழுத்து படித்தவர் ஊராருக்காக மனு எழுதிக் கொடுத்ததும், அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்று சீட்டு வாங்கி வைத்ததும், வாய்தாவுக்குச் சாட்சிகளைத் திரட்டிச் சென்றதும் எந்தத் திட்டமும் வருவதற்கு முன்பே நடந்தவை. அந்தப் பணிக்குப் பெயரும் இல்லை, அட்டையும் இல்லை.

முதல் ஏழு நாட்கள்

அட்டை ஏன் தேவை என்பதை, ஒரு வன்கொடுமை நிகழ்ந்த பின் வரும் முதல் ஏழு நாட்களை வைத்தே விளக்க முடியும். மொரப்பூர் பழைய இரயில் ஊர். இங்கிருந்து தருமபுரிக்கு 1906இல் போடப்பட்ட குறுகிய இருப்புப் பாதை 1941இல் மூடப்பட்டது. அதை மீண்டும் அமைப்பதற்கான 36 கிலோமீட்டர்த் திட்டத்துக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னைக்கும் கோவைக்கும் இங்கிருந்து இரயில் உண்டு; தன் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்துதான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புகார் கொடுக்க உள்ளூர்க் காவல் நிலையம், வட்ட அளவிலான அலுவலகங்களுக்கு அரூர், மாவட்ட ஆட்சியரையும் மாவட்ட நீதிமன்றத்தையும் அணுகத் தருமபுரி என்று பாதிக்கப்பட்ட குடும்பம் மூன்று திசைகளில் அலைய வேண்டும். ஒவ்வொரு நாள் அலைச்சலும் ஒரு நாள் கூலி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.54 விழுக்காடு. இந்தப் பின்னணியில்தான் சட்டம் எழுத்தில் தந்த உரிமைகளைப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் புகார். ‘சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அடித்தார்’ என்று ஒற்றை வரியில் எழுதப்பட்ட புகார்கள்தாம் பெரும்பாலும் நம் கைக்கு வருகின்றன. எங்கே நின்று திட்டினார், அப்போது அருகில் இருந்தவர்கள் யார், என்ன சொல்லைச் சொன்னார் என்பவை அதில் இரா. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய உட்பிரிவுகள், இழிவுபடுத்தல் பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளியார் எவரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் பேசப்பட்டது இப்பிரிவின்கீழ் வராது என்று கூறிய பிறகு, அந்த ஒரு விவரம் விடுபட்டாலே வழக்கு உடைகிறது. தேநீர்க் கடை வாசலா, நியாயவிலைக் கடை வரிசையா, வரப்பா என்று கேட்டு எழுதச் சொல்ல அந்த நேரத்தில் அருகில் ஒருவர் வேண்டும். மறுநாள் வழக்குரைஞர் வந்து கேட்டால் அது பின்யோசனை என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

புகாரைப் பெற்றுக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்புவது காவல் நிலையங்களின் நெடுநாள் வழக்கம். கைது செய்வதற்குரிய குற்றம் வெளிப்படும் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்த பின்னும் இவ்வழக்கம் மாறவில்லை. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இதில் ஒரு புதிய சிக்கலைச் சேர்த்திருக்கிறது. அதன் 173(3)ஆம் பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் காவல் கண்காணிப்பாளரின் அனுமதியோடு பதினான்கு நாட்கள் முதற்கட்ட விசாரணை நடத்த இடமளிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)இன் குற்றங்களுக்கு உச்சத் தண்டனை ஐந்தாண்டு என்பதால், ‘விசாரித்துவிட்டுப் பதிகிறோம்’ என்று சொல்லக் காவல் நிலையத்துக்கு ஒரு வாய்ப்பு கிடைத்துவிட்டது போலத் தோன்றும். தோற்றம்தான். 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு இச்சட்டத்தின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது; 20ஆம் பிரிவு இச்சட்டம் பிற சட்டங்களை மீறி நிற்கும் என்கிறது. ஆயினும் இதைக் காவல் நிலைய மேசையின் முன்னால் நின்று, குரலை உயர்த்தாமல், பிரிவு எண்ணோடு சொல்ல ஒருவர் வேண்டுமே.

அதன் பிறகு வருபவை சிறு சிறு வேலைகள். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெற வேண்டும் என்பது 4ஆம் பிரிவு காவல் அதிகாரிக்கு விதித்த கடமை. வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டுப் பெற வேண்டும். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகல் வேண்டும். சாதிச் சான்றிதழ் கைவசம் இல்லையென்றால் உடனே விண்ணப்பிக்க வேண்டும். புலனாய்வு துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலையில் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழிவுபடுத்தல் குற்றங்களுக்கான தீருதவித் தொகையில் முதல் தகவல் அறிக்கைக் கட்டத்தில் 25 விழுக்காடும், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும்போது 50 விழுக்காடும், கீழமை நீதிமன்றம் தண்டிக்கும்போது எஞ்சிய 25 விழுக்காடும் தரப்பட வேண்டும். உடனடி உதவி ஏழு நாட்களுக்குள் என்று விதி சொல்கிறது. சாட்சி சொல்லப் போகிற நாளுக்குப் பயணப்படியும் அன்றைய கூலிக்கு ஈடும் கேட்டுப் பெறலாம் என்ற 11ஆம் விதியைப் பயன்படுத்துகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எதிரி பிணை கோரும்போது பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவித்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது 15ஏ பிரிவின் 3, 5 ஆகிய உட்பிரிவுகள் தரும் உரிமை. 2021 அக்டோபரில் ராஜஸ்தானின் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் இது கட்டாயம் என்று உறுதிசெய்து, அறிவிப்பின்றி வழங்கப்பட்ட பிணையை நீக்கியது. அந்த அறிவிப்பு காலனிக்கு வந்து சேர்ந்ததா, யார் கையில் கொடுக்கப்பட்டது, என்ன கையொப்பம் வாங்கப்பட்டது என்று கவனிக்கிறவர் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி அணிந்து நிற்கும் நாமாக இருக்க முடியாது. நமக்கு அது தெரியவரும்போது எதிரி வீட்டுக்கு வந்துவிட்டிருப்பார்.

இவ்வளவையும் செய்கிற இளைஞரைக் காவல் நிலையத்தில் கேட்கிற முதல் கேள்வி: ‘நீ யாருப்பா, வக்கீலா?’ இல்லை என்றால், ‘சொந்தக்காரனா?’ அதுவும் இல்லையென்றால், ‘அப்ப கட்டப் பஞ்சாயத்து பண்ண வந்தியா?’ இந்த மூன்றாவது கேள்வி வெறும் வசவு என்று நினைத்துவிடக் கூடாது. தலித் செயற்பாட்டாளர்கள் மீது பதியப்படும் வழக்குகளில் பல இந்தச் சொல்லிலிருந்துதான் பிறக்கின்றன. மாவட்ட நீதிபதியைத் தலைவராகக் கொண்ட ஆணைக்குழு தந்த அட்டை சட்டைப் பையில் இருந்தால், அந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரே பதில் கிடைத்துவிடுகிறது. திட்டத்தின்படி, கைது பற்றிய தகவல் கிடைத்தால் காவல் நிலையத்துக்குச் சென்று அவருக்குச் சட்ட உதவி கிடைப்பதை உறுதிசெய்வதே தன்னார்வலரின் பணிகளுள் ஒன்று. காணாமல் போன குழந்தைகள் தொடர்பான பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், அத்தகைய புகார்கள் கையாளப்படும் விதத்தைக் கவனிக்கக் காவல் நிலையங்களில் சட்டத் தன்னார்வலர்கள் இருக்க வேண்டும் என்று கூறியதும் இந்த அட்டைக்கு எடை சேர்க்கிறது. கிராமப்புறப் பெண்ணுக்கு இந்த எடை இன்னும் கூடுதல் பயன் தரும். அவரிடம் ‘சொந்தக்காரியா’ என்ற கேள்வி வேறு தொனியில் கேட்கப்படுகிறது என்பதை வாசகர் அறிவார்.

வாச்சாத்திக்கு அட்டை கிடைத்திருக்குமா

இனி நிபந்தனைகளுக்கு வருவோம். கல்வித் தகுதி பெரிய தடையன்று; பத்தாம் வகுப்பு தேறியிருப்பது விரும்பத்தக்கது என்றே திட்டம் கூறுகிறது. ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், மூத்த குடிமக்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சமூகப் பணி மாணவர்கள், சட்ட மாணவர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள், அரசியல் சார்பற்ற தொண்டு நிறுவன உறுப்பினர்கள், நன்னடத்தையுள்ள நீண்டகாலச் சிறைவாசிகள் எனப் பட்டியல் விரிவானது. சிறைவாசிகளைச் சேர்த்திருப்பது பாராட்டத்தக்க சிந்தனை. சிக்கல் நீக்கத்துக்கான காரணங்களில் இருக்கிறது. ஆர்வமின்மை, நொடிப்பு நிலை, தவறான நடத்தை ஆகியவற்றோடு, ஒரு குற்றத்தில் குற்றம் சாட்டப்பட்டிருப்பதும், அரசியல் கட்சியில் இயங்குவதும் அங்கே இடம்பெற்றிருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டிருந்தாலே போதும். தண்டனை பெற்றிருக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு காரணங்களையும் எடுத்துக்கொண்டு மொரப்பூரிலிருந்து அரூரைத் தாண்டிச் சித்தேரி மலையடிவாரத்துக்குப் போவோம். 1992 சூன் 20 அன்று வாச்சாத்தியில் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த் துறையினரும் சேர்ந்து நடத்திய கொடுமைகளை நாடறியும். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 269 அரசு ஊழியர்கள் எதிரிகளாக்கப்பட்ட அந்த வழக்கில் விசாரணைக் காலத்திலேயே 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டாண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைத் தண்டிக்கப்பட்டவர்களிடமிருந்து வசூலிக்கவும் ஆணையிட்டது.

முப்பத்தோராண்டு நீண்ட அந்த வழக்கைத் தாங்கியவர்கள் யார்? வழக்குரைஞர்களின் பங்கை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சம்பவம் நடந்த சில வாரங்களில் ஊருக்குள் சென்று, காட்டுக்குள் ஓடியவர்களைக் கண்டு பேசி, வெளியுலகுக்குச் செய்தியைக் கொண்டுவந்தவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியினரும். அக்கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் பெயரில்தான் வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. பிறகு வந்த ஆண்டுகளில் சாட்சிகளை வாய்தாதோறும் தருமபுரிக்கு அழைத்து வந்ததும், மிரட்டலுக்கும் ஆசைக்கும் அவர்கள் இணங்காமல் பார்த்துக்கொண்டதும் சட்டப் பட்டம் இல்லாதவர்களின் உழைப்பு. சொல்லப்போனால் அது பாராலீகல் பணியின் முழு வடிவம். இன்றைய விதிப்படி அவர்கள் கட்சிக்காரர்கள், அட்டைக்குத் தகுதியற்றவர்கள்.

ஊர் மக்கள்? பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சந்தனக் கட்டை கடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களும் குற்றம் சாட்டப்பட்டவர்கள். எனவே அட்டைக்குத் தகுதியற்றவர்கள். வாச்சாத்தி வழக்கை வென்ற எந்தத் தரப்புக்கும் இந்த அட்டை கிடைத்திருக்காது என்பதே இதன் கணக்கு.

பழைய கதை என்று இதை ஒதுக்க முடியாது. இப்பகுதியில் வன்கொடுமைப் புகார் பதியப்படும் அன்றைக்கே எதிர்ப்புகார் ஒன்றும் பதியப்படுவது நடைமுறை. அதில் புகார் கொடுத்தவரின் பெயரோடு, அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தவரின் பெயரும் சேர்க்கப்படும். மூன்றாவது நான்காவது எதிரி என்ற வரிசையில் வரும் அந்தப் பெயர், பேச்சுவார்த்தைக்கு வராதா என்ற எதிர்பார்ப்போடு எழுதப்படுவது. இத்தகைய பொய் வழக்கையே, அதாவது பட்டியல் சாதியினர் மீது தீய நோக்கத்தோடு தொடுக்கப்படும் பொய்யான வழக்கையே, வன்கொடுமைகளுள் ஒன்றாக 3(1)(பி) உட்பிரிவு பட்டியலிடுகிறது. ஒரு சட்டம் வன்கொடுமை என்று வரையறுத்த செயலை, இன்னொரு சட்டத்தின்கீழ் வந்த திட்டம் தகுதியிழப்புக்கான காரணமாக ஏற்றுக்கொள்கிறது.

சட்டப் பணிகள் ஆணைக்குழு நடுநிலையான அமைப்பு, அதன் அட்டையை அணிந்தவர் கட்சிக் கொடியோடு திரியக் கூடாது என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. பணத்துக்கு மனு எழுதிப் பிழைக்கிற தரகர்கள் அட்டையைப் பெற்றுவிடக் கூடாது என்ற கவலையும் நியாயமானது; வட்டாட்சியர் அலுவலக வாசல்களில் நாம் அவர்களைப் பார்க்கிறோம். பணியின்போது கட்சி அடையாளத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தால் முதல் கவலை தீரும். பணம் பெறுவது நிரூபிக்கப்பட்டால் நீக்குவதற்கு, தவறான நடத்தை என்ற காரணம் ஏற்கெனவே இருக்கிறது. ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்பதை ‘தண்டிக்கப்பட்டவர்’ என்று திருத்துவதும், குறைந்தபட்சம் எதிர்வழக்குகளை மாவட்ட நீதிபதி தனியே பரிசீலித்து முடிவெடுக்கலாம் என்று சேர்ப்பதும் எவருடைய நடுநிலையையும் குலைக்காது.

கூலி என்னும் கேள்வி

திட்டம் தன்னார்வலருக்குச் சம்பளம் தருவதில்லை. பணி ஒதுக்கப்படும் நாளுக்கு மதிப்பூதியம் மட்டுமே. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ரூ.250 என்று குறிக்கப்பட்ட இத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி ரூ.336. தொகை எவ்வளவு என்பதைவிட, எந்த நாளுக்கு என்பதே முதன்மையான கேள்வி. முகாமில் மேசை போட்டு அமர்ந்த நாள் கணக்கில் வரும். நள்ளிரவில் அடிபட்டவரை அரூர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, விடியும்வரை இருந்து, காலையில் புகார் எழுதிய நாளை எவரும் ஒதுக்கித் தருவதில்லை.

ஓய்வூதியம் பெறும் ஆசிரியர் அந்த நாளை இலவசமாகத் தர முடியும். அவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் ஊர்த் தெருவில் வசிப்பவராக இருந்தால், காலனியிலிருந்து ஒரு பெண் இரவு பத்து மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவாரா? பணியின் தன்மை காலனிக்குள் வசிப்பவரைக் கேட்கிறது. ஊதியத்தின் தன்மையோ அவரைத் தவிர மற்றவர்களுக்கே பொருந்துகிறது.

அரசிடம் பணமில்லை என்று சொல்வதற்கில்லை. குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்கு வாதாட, முழுநேர வழக்குரைஞர்களை மாத ஊதியத்தில் அமர்த்தும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்குரைஞர் திட்டத்தை இதே தேசிய ஆணைக்குழு 2022இல் கொண்டுவந்தது. அது நல்ல திட்டம். சிறைகளில் விசாரணைக் கைதிகளாக வாடுவோரில் நம் மக்கள் எவ்வளவு பேர் என்பதை அறிந்தவர் எவரும் அதை எதிர்க்கமாட்டார்கள். அதில் அலுவலக உதவியாளருக்குக்கூட மாத ஊதியம் உண்டு. முழுநேரப் பணிக்கு முழுநேர ஊதியம் என்ற கொள்கையை ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டபின், பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பவரிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்ப்பது எந்த வகை அறம்?

வேறு வழிகள் இல்லாமலில்லை. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாராலீகல் பணிக்கென்று ஒரு பட்டயப் படிப்பை நடத்துகிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம், அறிவும் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டயத்தைக் காட்டினால் காவல் நிலையத்தில் நாற்காலி கிடைத்துவிடாது, ஏனெனில் அதற்கென்று தனிச் சட்ட ஏற்பு எதுவும் இல்லை. முழுமையான வழி சட்டப் பட்டம். தருமபுரியில் 2017இல் அரசு சட்டக் கல்லூரி வந்தபின், சென்னைக்கும் சேலத்துக்கும் போக இயலாத முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. ஊரில் இரண்டு மூன்று ஆண்டுகள் மக்களோடு அலைந்தபின் சட்டம் படிக்க வருபவர்கள், வகுப்பில் பிரிவுகளை வேறு கண்ணோடு படிக்கிறார்கள் என்பதை நாம் கண்டிருக்கிறோம். அட்டையை அந்தப் படிப்புக்கான முதல் படியாகவும் ஆக்கலாம். சட்டக் கல்லூரிச் சேர்க்கையில் தன்னார்வலர் பணி அனுபவத்துக்குச் சிறு மதிப்பெண் சலுகை அளிப்பது மாநில அரசின் கொள்கை முடிவுக்கு உட்பட்டதே.

பட்டம் பெற்றபின் வந்து நிற்பது வழக்குரைஞர் பதிவுக் கட்டணம். பல மாநிலங்களில் பார் கவுன்சில்கள் பல ஆயிரங்களை வசூலித்துவந்தன. 2024 சூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வழக்குரைஞர் சட்டம் குறிப்பிட்டவாறு பொதுப் பிரிவினருக்கு ரூ.750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.125, இதற்கு மேல் பதிவுக்காக எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது என்றது. தீர்ப்பின் காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். தொழிலுக்குள் நுழைவதற்கு விதிக்கும் பொருளாதார நிபந்தனை, ஒடுக்கப்பட்டோரை முறையாக வெளியே நிறுத்துகிறதென்றால் அது உண்மையான சமத்துவத்துக்கு எதிரானது என்பதே அதன் சாரம். இந்த அளவுகோலைத் தன்னார்வலர் திட்டத்தின் அந்த ‘வருமானத்தை நம்பியிராதவர்’ என்ற வரிமீது வைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பதும், கூலியில்லாமல் உழைக்கச் சொல்வதும் ஒரே ஆளைத்தான் வடிகட்டுகின்றன.

அட்டை மறுக்கப்படுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016 சனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள 15ஏ பிரிவின் 12ஆம் உட்பிரிவு, வன்கொடுமையால் பாதிக்கப்பட்டோரும் அவர்களைச் சார்ந்தோரும் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்குரைஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவதை உரிமையாகவே அறிவிக்கிறது. ‘நீ யார்’ என்ற கேள்விக்கு இதுவே போதுமான விடை. உரிமை உதவியாளருடையதன்று, பாதிக்கப்பட்டவருடையது. ஆகவே அவர் எழுத்தில், ‘இன்னார் எனக்கு உதவியாக இருக்கிறார்’ என்று புகாரோடு ஒரு தாள் இணைத்துவிட்டால், அவரை வெளியேற்றும் அதிகாரி சட்டம் தந்த உரிமையை மறுத்தவராகிறார். இதே பிரிவின் 11ஆம் உட்பிரிவு, இந்த உரிமைகளை நடைமுறைப்படுத்த மாநில அரசு ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. வழக்கு பற்றிய விளக்கமும் விசாரணைக்கான ஆயத்தமும் சட்ட உதவியும் அத்திட்டத்தில் அடங்க வேண்டும் என்றும் வரிசைப்படுத்துகிறது. ஒன்றியத்துக்கு ஒருவர் என்று ஊதியத்தோடு வன்கொடுமை வழக்கு உதவியாளரை நியமிக்க மாநில அரசுக்கு இதைவிடத் தெளிவான சட்ட அடிப்படை வேண்டியதில்லை. சியரா லியோன் என்ற சிறிய, வறிய நாடு 2012ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தில் தன் ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதிக்கும் ஒரு பாராலீகல் வேண்டும் என்று எழுதியது. கென்யாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது.

2012 நவம்பர் 7 அன்று இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிக்கப்பட்டபோது, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் என்ன இருந்தது என்று வீடு வீடாக எழுத வேண்டியிருந்தது. பீரோ, நகை, வண்டி, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ். எரிந்துபோன சான்றிதழுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்குவது எப்படி என்று தெரிந்த ஒருவர் ஒவ்வொரு காலனியிலும் முன்பே இருந்திருந்தால் எத்தனை மாத அலைச்சல் மிஞ்சியிருக்கும் என்று கணக்கிடலாம். அரசியல் சாசனத்தின் 39ஏ உறுப்பு 1976இல் சேர்க்கப்பட்டது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடியினர் எவரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். உதவி பெறுவதில் முதலிடம் தந்த சட்டம், உதவி செய்வதில் எந்த இடத்தைத் தந்திருக்கிறது என்பதைத் தரவுகளைக் கொண்டே பேச வேண்டும்.

தருமபுரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் இப்போதுள்ள தன்னார்வலர்கள் எத்தனை பேர். அவர்களுள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எத்தனை பேர். மொரப்பூர் ஒன்றியத்தில் வசிப்பவர்கள் எத்தனை பேர். கடந்த மூன்றாண்டுகளில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட பணி நாட்கள் எத்தனை. குற்றம் சாட்டப்பட்டதைக் காரணம் காட்டி நீக்கப்பட்டவர்களும் நிராகரிக்கப்பட்டவர்களும் எத்தனை பேர். இந்த ஐந்து கேள்விகளையும் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய ஒரு தாளில் எழுதி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆணைக்குழுவின் பொதுத் தகவல் அலுவலருக்கு அஞ்சலில் அனுப்பலாம். பதில் தர முப்பது நாட்கள் அவகாசம். அடுத்த தன்னார்வலர் தேர்வு அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க நினைக்கும் தோழர்கள், எதிர்வழக்கு இருந்தால் அதை மறைக்காமல், அது எந்த வன்கொடுமை வழக்கின் பதில் வழக்கு என்று குற்ற எண்ணோடும் தேதியோடும் குறிப்பிட்டு, மூல வழக்கின் முதல் தகவல் அறிக்கை நகலையும் இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் உயர் நீதிமன்றத்தில் நாம் வழக்குத் தொடுக்க இயலாது.